சாவிக்கொத்தில் ஒரு வேண்டுதல் காசு

நாகேஷை ஐசியூவுக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு, அவன் உடம்பிலிருந்து எடுத்த சாமான்களை நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவன் அம்மா சாந்தகுமாரியிடம் கொடுத்தாள். கண்ணாடி நொறுங்கிய போன், பர்ஸ், பெல்ட், ஒற்றைக்கால் ஷூ, பைக் சாவி. இன்னொரு ஷூ எங்கே என்று கேட்க வாயெடுத்தவள், பிள்ளையின் மூச்சுக்கே மிஷின் வைத்திருக்கும்போது ஷூவைப் பற்றிக் கேட்கிற தாயா நான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பெங்களூரில் ஹெப்பால் பக்கம் ஒரு சர்வீஸ் ரோட்டில் மழைத்தண்ணீர் மூடிய பள்ளம். வண்டி உள்ளே இறங்கியது, பையன் வெளியே பறந்தான். தலையிலும் கழுத்திலும் அடி. "இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மருமகள் வீணா அதையே தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். மூன்று மொழியிலும் ஒரே பதில்தான் வந்தது.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபோது சாந்தகுமாரியின் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சும்மா இருந்து பழகாத கை அது. பையைத் திறந்து சாவியை எடுத்தாள். சாவியோடு ஒரு கனத்த ஸ்டீல் வளையம், அதற்குள் ஒரு பழைய வெள்ளி ரூபாய். இத்தனை நாளும் அதை ஏதோ விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தாள். பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவி மேல் வீசுவான், போகும்போது வாரிக்கொண்டு ஓடுவான். அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம் இருந்தது? இப்போது கட்டைவிரல் தானாக நகர்ந்துபோய், காசில் பொறித்த ராஜாவின் காதுக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பள்ளத்தில் நின்றது. கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் கண்டுபிடித்துவிட்டது. 

"வீணா, இது ஏது?"

"அவரோட கீசெயின் அத்தே."

"அது தெரியுதுடி. இந்தக் காசு எங்கேருந்து வந்துச்சு?"

"வீடு மாத்தினோமே, அப்ப பரண்மேல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல கெடச்சுது. ஏதோ மஞ்சத்துணியில சுத்தி இருந்துச்சு. பழைய ராஜா காசு, லக்குன்னு சொல்லி உங்க பட்டறை ஃபிராங்க்ளின் மாமாகிட்ட குடுத்து இப்படி செஞ்சுக்கிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"துணி என்னாச்சு?"

"எந்தத் துணி?"

"மஞ்சத்துணி."

வீணா மாமியாரின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "கிழிஞ்ச துணி அத்தே. குப்பையில போட்டிருப்பாரு."

சாந்தகுமாரி சத்தம் போடவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஐசியூ கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் மட்டும் ஒரே வார்த்தை ஓடியது. நான்தான், நான்தான், நான்தான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மர்ஃபி டவுன் சந்தில் பிறந்து, லிங்கராஜபுரம் சந்தில் வாழ்க்கைப்பட்டவள். பீன்யாவில் லேத் பட்டறை ஒன்றில் பிசிறு எடுக்கிற வேலை. மிஷினிலிருந்து வரும் பாகங்களின் ஓரத்தில் கத்தி மாதிரி மெல்லிய இரும்புப் பிசிறு நிற்கும். அதை அரம் போட்டுத் தேய்த்து மழமழவென்று ஆக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான், கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அதுதான். இரும்பைத் தேய்த்த தேய்ப்பில் அவளுடைய விரல் ரேகையும் தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை மிஷின் அவள் கட்டைவிரலை ஒரு தடவைகூட ஒழுங்காக ஏற்றுக்கொண்டதில்லை. "நீங்க நீங்கதானா அம்மா?" என்று கடைக்காரன் மாதாமாதம் கிண்டல் செய்வான். அந்த விரல்தான் இப்போது காசை அடையாளம் கண்டது.

அது அவள் அம்மா கல்யாணத் தட்டில் வைத்துக் கொடுத்த ரூபாய். நாகேஷ் தவழுகிற வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். புருஷன் கோவிந்தப்பா லோடு ஏற்றிக்கொண்டு மங்களூர் போயிருந்தான். கேட்பதற்கு ஆளில்லாத நேரத்தில், சாமியைத் தவிர யாரைக் கேட்பது? அந்த ரூபாயைப் பிள்ளையின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, "மேல்மலையனூர் அங்காளம்மா, இவனை எழுப்பிக் குடு. இவனைத் தூக்கிக்கிட்டு வந்து இதே காசை உன் உண்டியல்ல போடுறேன்" என்று வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கும்வரை துணிக்கு மேலாகவே அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை எழுந்துவிட்டான்.

பிள்ளை எழுந்தான், அம்மா கிளம்பவில்லை. அதுதான் விஷயம். அடுத்த அமாவாசைக்குப் போகலாம் என்றிருந்தபோது பட்டறையில் சரக்கு டிஸ்பாட்ச், லீவு கிடையாது. அதற்கடுத்த அமாவாசைக்கு மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் நாத்தனார் பிரசவம், அப்புறம் நாகேஷுக்குப் பள்ளிக்கூடம், அப்புறம் கோவிந்தப்பா காலில் லாரி டயர் ஏறியது. அவன் போய்ச் சேர்ந்தபோது வருஷம் முழுக்கத் தீட்டு. சாந்தகுமாரிக்கு லீவே கிடைத்ததில்லை என்று சொல்ல முடியாது. கிடைத்த லீவெல்லாம் வேறு யாருக்காவது செலவாகிவிட்டது. பால்காரனுக்கும் சீட்டுக்காரிக்கும் கொடுத்த வாக்கு ஒருநாள் தவறினால் வாசலில் வந்து நிற்பார்கள். அங்காளம்மா அப்படி வந்து நிற்கிறவள் இல்லை என்பதால் அவளைத் தள்ளிப்போட்டாள், அவ்வளவுதான். நாளாக நாளாக வெட்கமாகிவிட்டது. பிள்ளைக்குச் சொல்லவில்லை, மருமகளுக்குச் சொல்லவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போட்டுப் பரண்மேல் வைத்தாள். கடைசியில் தானே மறந்தும் போனாள்.

பெஞ்சில் சாந்தகுமாரி சொன்ன விஷயத்தைக் கேட்டதும் வீணா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்படியே கீசெயினோட கொண்டுபோய்ப் போட்டுடலாமே அத்தே" என்றாள்.

"முடிஞ்சு வெச்சது காசுடி. சாவிக்கொத்து இல்ல."

"அம்மனுக்குப் புரியாதா?"

"காசு இதுக்குள்ள அடைபட்டுக் கெடக்கு. இவன் அந்த ஐசியூவுக்குள்ள அடைபட்டுக் கெடக்கான். அது வெளிய வராம இவன் வெளிய வரமாட்டான்."

இதில் நியாயம் இருக்கிறதா என்று ஆராய வேண்டாம். ஐசியூ வாசலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த நியாயம் தெரியும். மற்றவர்கள் வீட்டில் சௌக்கியமாக இருந்து சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் தன் கையாலேயே முயன்றாள். நகத்தால் நெம்பினாள், நகம் பிய்ந்தது. தலையிலிருந்த ஹேர்பின்னை விட்டுத் திருப்பினாள், பின் வளைந்தது. டீக்கடையில் ஸ்பூன் வாங்கி அதன் காம்பால் நெம்பினாள். வளையத்தின் ஓரம் உதடு மாதிரி உள்பக்கம் மடிந்து காசைக் கவ்விக்கொண்டிருந்தது. ஒரு மயிரிழைகூட அசையவில்லை. டீக்கடைக்காரன் ஸ்பூனைத் திருப்பி வாங்கும்போது அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

பழைய காசு வாங்கி விற்கிற சேஷகிரியின் கடை சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கறிக்கடைகளைத் தாண்டித் துணிக்கடைச் சந்துக்குள் இருந்தது. வேலைக்குப் போக அங்கேதான் பஸ் மாற வேண்டும் என்பதால், கண்ணாடிக்குள் காசுகளை அடுக்கி வைத்திருக்கும் அந்தக் கடை அவளுக்குப் பார்வைப் பழக்கம். காசிலேயே புழங்குகிறவருக்குக் காசைக் கழற்றவும் தெரியும் என்று நம்பி ஓடினாள்.

சேஷகிரி வளையத்தை வாங்கி லென்ஸை வைத்துப் பார்த்தார். பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அய்யோ, இதை யாரம்மா இப்படிப் போட்டு நசுக்கினது?"

"கழட்டிக் குடுக்க முடியுமாங்கய்யா?"

"ஸ்வல்ப இருங்க. இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? இங்க நோடி, பாருங்க, ராஜாவோட அங்கி மேல சின்னதா ஒரு யானை இருக்கு. தும்பிக்கை குட்டையா விழுந்துடுச்சு. பாத்தா பன்னி மாதிரி இருக்குன்னு அந்தக் காலத்துல ஜனங்க கலாட்டா பண்ணாங்க. சர்க்கார் வாபஸ் வாங்கி உருக்கிடுச்சு. தப்பிச்சது கம்மிதான்."

"கழட்டணுங்கய்யா. அது போதும்."

"கழட்டலாம். சூடு காட்டக் கூடாது, ஆசிட் கூடாது, அரம் கிட்டவே வரக் கூடாது. மெதுவா செய்யணும். ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க."

"ஒரு வாரம் எங்கிட்ட இல்லீங்கய்யா" என்றாள்.  இத்தனை வருஷமும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, பெயர்கூடத் தெரியாத மனிதரின் கடை வாசலில் நின்று அவ்வளவையும் கொட்டினாள்.

சேஷகிரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தட்டிலிருந்து வேறொரு வெள்ளி ரூபாயை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "அதே ராஜா, அதே வெள்ளி, அதே எடை. இதைக் கொண்டுபோய் உண்டியல்ல போட்டுட்டு வாங்க. அதை எங்கிட்ட குடுங்க, மேல நீங்க கேக்கறதை நான் தர்றேன். ஆஸ்பத்திரிக்கும் ஆகும். தேவி வருஷம் பாத்தா வாங்கப் போறா?"

அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. அந்த ரூபாயைக் கையில் எடுத்தாள். பளபளவென்று இருந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் ராஜாவின் காதுக்குக் கீழே போனது. அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. பிள்ளையின் கொதிக்கிற தலையைச் சுற்றி வந்தது இது இல்லை. இதைக் கொண்டுபோனால் அங்காளம்மா வாங்கிக்கொள்வாளோ என்னவோ, தன்னால் கொடுக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. காசைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"இதை மாட்டினவர்கிட்டயே போறேங்கய்யா."

"வெட்டத்தான் போறாங்க" என்றார் சேஷகிரி வருத்தத்தோடு. "வெட்டினா ராஜா மேல படாம வெட்டச் சொல்லுங்கம்மா."

மாட்டியவன் ஃபிராங்க்ளின். அவள் வேலை செய்யும் பட்டறையிலேயே லேத் ஓட்டுகிறவன். வீடும் லிங்கராஜபுரத்தில் அடுத்த சந்துதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு சர்ச்சுக்குப் போவான், மற்ற ஆறு நாளும் எண்ணெய்ச் சட்டை. நாகேஷைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். விபத்துச் செய்தி ஏற்கெனவே பட்டறைக்கு வந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"சாந்தாக்கா, பையன் எப்படி இருக்கான்?"

அவள் வளையத்தை நீட்டினாள். "இத எனக்குக் கழட்டிக் குடு ஃபிராங்க்ளினு."

அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவள் வேண்டுதலைச் சொல்லிப் புரிந்தபோது முகம் செத்துவிட்டது. அந்த வேலையை அவன் எவ்வளவு பெருமையாகச் செய்திருந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். ஸ்டீலில் வளையம் கடைந்து, உள்விட்டத்தைக் காசைவிட ஒரு பொட்டுக் குறைவாக வைத்து, வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி, அது விரிந்த நேரத்தில் காசை உள்ளே இறக்கி, ஆறவிட்டு, ஓரத்தையும் மடித்திருந்தான். ஆறும்போது வளையம் சுருங்கிக் காசைப் பிடித்துக்கொள்ளும். "பூமி அதிர்ந்தாலும் கழலாதுடா" என்று சொல்லித்தான் நாகேஷ் கையில் கொடுத்தான். அம்மாவிடம் சொல்லாதீங்க மாமா, பட்டறை ஸ்டீலை எடுத்ததுக்குத் திட்டுவாங்க என்று பையன் கேட்டுக்கொண்டதால் அவனும் வாய்திறக்கவில்லை.

"வேண்டுதல் காசுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா அக்கா?"

"உன்மேல என்ன தப்பு? தெரிஞ்சவ சொல்லல. மாட்ட சூடு வெச்சியே, அதே மாதிரி சூடு வெச்சா வராதா?"

"வராதுக்கா. வெள்ளி இரும்பவிட ஜாஸ்தி விரியும். இப்ப சூடு வெச்சா இன்னும்தான் இறுகும். வெட்டித்தான் எடுக்கணும்."

இடுக்கிப் பிடிக்கிற வைஸின் பல் காசில் படாமல் அலுமினியத் தகடு வைத்து, வளையத்தை அதில் இறுக்கினான். ஹாக்ஸா ரம்பத்துக்குப் பிளேடைப் புதிதாக மாட்டினான். அறுக்க ஆரம்பிப்பதற்கு முன் கண்ணை மூடி உதட்டை அசைத்தான். அவன் தன் சாமியைக் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எந்தச் சாமி வந்தாலும் சரி என்றிருந்தது. இரும்பு கீச்சிட்டுக்கொண்டே அறுபட்டது. அவள் பக்கத்தில் நின்று, பிளேடு போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டும், வரும்போது விட்டுக்கொண்டும் இருந்தாள். கடைசியில், தாள் கனத்துக்கு இரும்பு மிச்சம் இருந்தபோது ஃபிராங்க்ளின் நிறுத்திவிட்டான். கழுத்தெல்லாம் வேர்வை.

"இதுக்கு மேல எனக்குக் கை வராதுக்கா. ஒரு இழுப்பு அதிகமாப் போனா காசு போச்சு."

"தள்ளு."

முக்கோண அரத்தை அவளே எடுத்தாள். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைதான். ஓரத்தில் நிற்கிற மெல்லிய இரும்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள், பக்கத்துப் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டே செய்வாள். ஆனால் அந்த இரும்புக்குப் பின்னால் பிள்ளையின் உயிர் இருந்ததில்லை.  மெல்ல, மெல்ல, இரும்புத்தூள் காசின் மேல் விழ விழ ஊதிக்கொண்டே தேய்த்தாள். இன்னும் இரண்டு தேய்ப்பில் விட்டுவிடும் என்றிருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

அரம் வழுக்கியது. வளையத்தின் உதட்டைத் தாண்டிப் போய் ராஜாவின் கழுத்தில் குறுக்காக ஒரு கோடு கிழித்தது. அதே நேரம் வளையம் டக்கென்று விட்டுக்கொடுத்தது. காசு வைஸிலிருந்து நழுவி, கீழே சுருள் சுருளாகக் கிடந்த இரும்புத் துருவலில் விழுந்தது.

போனில் வீணா அழுதுகொண்டிருந்தாள். "அத்தே, கழுத்துல உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். இல்லன்னா கை காலு வராமப் போயிடுமாம், உயிருக்கே ஆபத்தாம். கையெழுத்து கேக்கறாங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"போடு" என்றாள். "கையெழுத்து போட்டுடு."

"நீங்க வாங்க அத்தே."

"நான் மலையனூர் போறேன்டி. காசு வெளிய வந்துடுச்சு."

 வீணா, இதுவரை மாமியாரிடம் குரல் உயர்த்தாதவள், கத்தினாள். "அவரை உள்ள கொண்டுபோறாங்க, நீங்க காசைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போறீங்களா? உங்களுக்குப் புள்ள முக்கியமா, காசு முக்கியமா?"

"எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியலயேடி" என்றாள் சாந்தகுமாரி. போனை வைத்துவிட்டு, இரும்புத் துருவலுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கழுத்துல வெட்டிட்டேன் ஃபிராங்க்ளினு. நானே வெட்டிட்டேன். அங்க அவன் கழுத்துல கத்தி வெக்கிறாங்க."

 ஃபிராங்க்ளின் குனிந்து துருவலைக் கையால் விலக்கி, விரலைக் கிழித்துக்கொண்டு, காசைத் தேடி எடுத்தான். சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தான். மிஷின் துடைக்க வைத்திருக்கிற மஞ்சள் துணிக் கட்டிலிருந்து, யாரும் தொடாத ஒன்றாகப் பார்த்து ஒரு துணியையும் எடுத்துக் கொடுத்தான்.

"எழுந்திருங்கக்கா. வீணாவுக்குத் துணையா நான் போறேன், அவ தனியா இருக்க வேணாம். நீங்க பஸ்ஸப் புடிங்க."

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கும், அங்கிருந்து அவலூர்பேட்டை வழியாக மலையனூருக்கும் அவள் எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வழியில் என்ன ஊர் வந்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எதுவும் மனதில் நிற்கவில்லை. துணிக்கு மேலாகக் காசைப் பிடித்திருந்தாள். இப்போது விரலுக்கு இரண்டு இடம் தட்டுப்பட்டது. காதுக்குக் கீழே பழைய பள்ளம், கழுத்தில் புதிய வெட்டு. விரல் வெட்டுக்குப் போகும்போதெல்லாம் கையை எடுத்துக்கொண்டாள். திரும்பவும் விரல் அங்கேயே போனது. "இன்னும் தியேட்டருக்கு உள்ளதான் இருக்கான்" என்று ஃபிராங்க்ளின் ஒருமுறை போன் செய்தான். அதற்குப் பிறகு போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது.

அமாவாசைக்குக் கடல் போலக் கூட்டம் நிற்கிற கோயில், சாதாரண நாளில் காலியாகக் கிடந்தது. அவ்வளவு வருஷம் வராமல் இருந்துவிட்டு வருகிறவளுக்குக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளக்கூட வழியில்லை. அங்காளம்மா நேராக இவளையே பார்த்தாள். சாந்தகுமாரி நிமிர்ந்து பார்க்கத் துணியாமல் மஞ்சள் துணியை அவிழ்த்தாள். விபூதித் தட்டோடு நின்ற பூசாரி, அவள் கையிலிருந்த வெள்ளி ரூபாயைப் பார்த்துவிட்டு, வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"என்னம்மா வேண்டுதல்?"

"பையன் பொழைக்கணும்னு முடிஞ்சு வெச்சது சாமி."

"பொழைச்சானா?"

 ஆபரேஷன் தியேட்டர் கதவு கண்முன்னால் வந்தது. தெரியாது என்றுதான் சொல்ல வந்தாள். ஆனால் பூசாரி கேட்டது அதை இல்லை. இந்தக் காசை முடிந்த நாளைக் கேட்கிறார். அன்றைக்கு வெட்டி இழுத்த பிள்ளை எழுந்து பால் குடித்தான். நடந்தான், பள்ளிக்கூடம் போனான், பட்டறை வாசலில் வந்து நின்று சாப்பாட்டுக் கூடையை வாங்கிக்கொண்டு போனான். தாலி கட்டும்போது கை நடுங்கியதென்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

"பொழைச்சான் சாமி" என்றாள். "பொழைச்சு, கல்யாணமே ஆயிடுச்சு."

"அப்போ சரி, போட்டுடு. அதோட முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் விபூதி பூசிவிட்டு, பூசாரி அடுத்த ஆளிடம் போனார்.

காசை உண்டியலில் விட்டாள். உள்ளே போய் விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு நாள் சுமந்தது இறங்கியது. மனம் லேசாகும் என்று காத்திருந்தாள். ஆகவில்லை. அதோட முடிஞ்சுது என்ற வார்த்தை மட்டும் காதுக்குள் நின்றது. கொஞ்சநேரம் கழித்துத்தான் அது என்னவென்று அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காசு அன்றைய உயிருக்கு. அதை அங்காளம்மா எப்போதோ கொடுத்துவிட்டாள், இத்தனை வருஷமும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். இன்றைக்குக் கத்திக்கடியில் கிடக்கிற உயிருக்கு, இவள் யாரிடமும் எதுவும் கேட்கவே இல்லை. சாவியைக் கையில் எடுத்த நிமிஷத்திலிருந்து கழற்ற வேண்டும், கழற்ற வேண்டும் என்று ஓடிய ஓட்டத்தில், கும்பிட்டுக் கேட்க மறந்தே போனாள். இத்தனை தூரம் வந்து பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறாள்.

தன் பர்ஸைத் தரையில் கவிழ்த்தாள். ஆதார் அட்டை, மாத்திரை, கசங்கிய நோட்டு, ஒரு பத்து ரூபாய் நாணயம். வரும்போது கண்டக்டர் சில்லறையாகத் தலையில் கட்டியது. சிவாஜிநகரில் எந்தக் கடைக்காரனும் இதை வாங்கமாட்டான், செல்லாது என்று நீட்டிய கையிலேயே திருப்பி வைப்பான். வேறு காசு இல்லை. அதை எடுத்துக்கொண்டாள். பிள்ளையின் தலையைச் சுற்ற வேண்டுமே, பிள்ளை எங்கே இருக்கிறான்? போனை எடுத்தாள். திரையில் நாகேஷும் வீணாவும் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்தைச் சுற்றி நாணயத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டாவது சுற்றில் திரை அணைந்து இருட்டானது. பதறிப்போய் விரலால் தொட்டாள், தேய்ந்த விரல், திரை கேட்கவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டாள். நல்லவேளையாக வெளிச்சம் வந்தது, மகன் வந்தான். மூன்றாவது சுற்றையும் முடித்து, மிஷின் எண்ணெய் வாசம் அடிக்கிற மஞ்சள் துணியில் நாணயத்தைப் போட்டு முடிந்தாள்.

"இப்பக் கேக்கறேன் தாயே" என்றாள். இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தே சொன்னாள். "எங்கிட்ட இதுதான் இருக்கு. உங்கிட்ட கேக்க எனக்கு மூஞ்சியில்ல, ஆனாலும் கேக்கறேன். அவனை எழுப்பிக் குடு."

வெளியே வந்து சிக்னல் கிடைக்கிற இடம் தேடி வீணாவுக்குப் போன் போட்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சுது அத்தே" என்றாள் வீணா. கோபம் இல்லை, களைத்த குரல். "ஃபிராங்க்ளின் மாமா இங்கதான் இருக்காரு. இன்னும் கண்ணு தொறக்கல. இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

"வீணா, நான் சொல்றதக் கேளு. இப்ப புதுசா ஒண்ணு முடிஞ்சிருக்கேன். மஞ்சத்துணியில பத்து ரூபா காயினு. இதை உங்கிட்ட சொல்லிட்டேன், ஃபிராங்க்ளின்கிட்டயும் நீ சொல்லு. நான் மறந்தா எம் முந்தானையப் புடிச்சு இழுத்துக் கேளு. லீவு இல்லன்னு சொன்னா வேலைய விடச் சொல்லு."

வீணா அழுகிற சத்தம் கேட்டது. "உள்ள விட்டாங்கன்னா அவர் காதுல சொல்லட்டுமா அத்தே?"

"சொல்லு. இத நான் அவிழ்க்க மாட்டேன், அவன்தான் நடந்து வந்து அவிழ்க்கணும்னு சொல்லு."

மஞ்சள் முடிச்சை வலது கைக்குள் இறுக்கிக்கொண்டு ஏறினாள். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் வீணாவே போன் செய்தாள். ஒரு நிமிஷம் உள்ளே விட்டார்களாம், காதில் சொல்லிவிட்டாளாம். "விரல் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு அத்தே. எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னவோ, தெரியல." சாந்தகுமாரி சரி என்றாள், வந்துக்கிட்டே இருக்கேன் என்றாள்.

கண்டக்டர் வந்து நின்றபோது அவள் ஒற்றைக் கையால் பர்ஸைத் திறக்க முடியாமல் திணறினாள். பக்கத்தில் இருந்த பெண் பர்ஸை வாங்கிப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். வலது கை இறுக மூடியே இருப்பதைப் பார்த்துவிட்டு, "கையில என்னக்கா, அடிபட்டுடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எம் பையனுது" என்றாள் சாந்தகுமாரி.

அந்தப் பெண் பர்ஸை மூடி அவள் மடியில் வைத்தாள். செங்கம் தாண்டியது, ஊத்தங்கரை தாண்டியது. சாந்தகுமாரி அந்தக் கையைத் திறக்கவில்லை.